காகமும் கொக்கும் மட்டுந்தானா?



ஒரு சிறு பயிற்சியோடு தொடங்குகிறேன். உங்கள் வகுப்பு மாணவரிடமோ வீட்டுப் பிள்ளையிடமோ ஒரு தாளைக் கொடுத்து, தன் கண்ணால் நேரில் கண்ட பறவைகளின் பெயர்களைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். கண்டவை மட்டும்; படித்தவை வேண்டா. காகம், புறா, மைனா, கோழி, கொக்கு, குருவி... இவ்வளவில் எழுதுகோல் நின்றுவிடும். அதன்பின் மயில், அன்னம், கிளி என்று பாடநூற் பறவைகள் மெல்ல வந்து இறங்கும். அன்னத்தை எங்கே கண்டாய் என்று கேட்டால் பிள்ளை விழிக்கும். பல ஆண்டுகளாகப் பல வகுப்புகளில் இதனைச் செய்து பார்த்துவிட்டேன். கண்டவை ஏழைத் தாண்டுவது மிக அரிது.

இத்தனைக்கும் இப்பிள்ளைகள் வாழும் ஊர் கிள்ளான். ஆறு கடலில் கலக்கும் இடம். இங்கிருந்து காப்பார், ஜெராம், கோல சிலாங்கூர் என வடக்கே நீளும் சேற்றுக்கரையைப் பன்னாட்டுப் பறவை அமைப்புகள் முகாமையான பறவை வாழிடமாகப் பட்டியலிட்டு வைத்துள்ளன. சைபீரியாவிலிருந்து ஆசுதிரேலியா செல்லும் பறவைகள் வழியில் இறங்கி இளைப்பாறும் கரை இது. அதன் வாசலில் வாழும் நம் பிள்ளைக்கு வெள்ளையாய் இருப்பதெல்லாம் கொக்கு. கறுப்பாய் இருப்பதெல்லாம் காகம்!

இந்நிலை மாற வேண்டும் என்றால் தமிழ்ப்பள்ளிகள் ஆண்டுக்கு ஒரு பிற்பகலையாவது சதுப்புநிலத்தில் கழிக்க வேண்டும். அங்கே பேசும் மொழி தமிழாக இருக்க வேண்டும். நான் சொல்ல வருவது இதுதான். இதில் இரண்டாம் பகுதி முதற்பகுதியைவிட எனக்கு முதன்மையானது. ஏன் என்று பின்னர்க் கூறுகிறேன்.

முதலில் அந்தக் காகத்தையே எடுத்துக்கொள்வோம். கிள்ளான் தெங்கு கிளானா சாலையில், உணவுக்கடைகளின் பின்புறம் கூடிக் கரைகிற காகம் இம்மண்ணுக்கு உரிய பறவை அன்று. 1890-களில் கிள்ளான் வட்டாரத்தில் வெள்ளைக்காரத் துரைமார்கள் காப்பித் தோட்டங்கள் போட்டிருந்தார்கள். காப்பிச் செடியைப் புழு தின்றது. புழுவைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து காகங்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து இங்கே பறக்கவிட்டார்கள். காப்பி நிலைக்கவில்லை. அந்த இடத்தில் இரப்பர் வந்தது. இன்று செம்பனை நிற்கிறது. காகம் மட்டும் நிலைத்துவிட்டது. கிள்ளான் நகராண்மைக் கழகம் துப்பாக்கி ஏந்திய ஆள்களை அமர்த்திக் காகங்களைச் சுட்டுக் குறைக்கப் பலமுறை முயன்ற அளவுக்கு நிலைத்துவிட்டது.

காகம் வந்ததால் குயிலுக்கும் வழி திறந்தது. முன்பு குளிர்கால விருந்தாளியாக மட்டும் இத்தீவக்கற்பத்திற்கு வந்துபோன குயில், கடந்த சில பத்தாண்டுகளில் காகத்தின் கூட்டில் முட்டையிடத் தொடங்கி இங்கேயே குடும்பம் நடத்துகிறது. விடியுமுன் அடுக்குமாடி வீட்டுச் சன்னலுக்கு வெளியே கூவி நம் உறக்கத்தைக் கெடுப்பது அந்தக் குடும்பந்தான்.

இக்கதையை ஐந்தாம் ஆண்டு வகுப்பில் சொன்னேன். "அப்ப காக்காவும் நம்ம தாத்தா மாதிரி கப்பல்லதான் வந்துச்சா சார்?" என்றாள் ஒரு மாணவி. "அதுக்கு நீல அட்டை கொடுத்தாங்களா?" என்றான் பின்வரிசையில் ஒருவன். வகுப்பே சிரித்தது. சிவப்பு அடையாள அட்டையோடு இந்நாட்டில் உழைத்து மறைந்த பாட்டன்மார்களை எண்ணியபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனினும் ஒன்று நிகழ்ந்தது. நாள்தோறும் பார்த்துச் சலித்த ஒரு பறவையை அன்று மாலை அந்தப் பிள்ளைகள் நின்று பார்த்தார்கள். ஒரு பறவைக்குப் பின்னால் ஒரு கதை உண்டு என்று தெரிந்துவிட்டால், பிள்ளை அடுத்த பறவைக்கும் கதை கேட்கும்.

அடுத்த பறவையைக் காட்டத்தான் கோல சிலாங்கூர் சென்றோம்.

கிள்ளானிலிருந்து ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். மெலாவத்தி குன்றின் அடிவாரத்தில் இருக்கிறது கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்கா. 1940-இல் தோன்றிய மலேசிய இயற்கைக் கழகத்தின் முயற்சியால், சிலாங்கூர் மாநில அரசின் ஒப்புதலோடு 1987-இல் தொடங்கப்பட்ட இடம் அது. குன்றின்மேல் உள்ள கோட்டையையும் பீரங்கிகளையும் வெள்ளிமுடிக் குரங்குகளையும் நம்மில் பலர் பார்த்திருப்போம். குரங்குக்குக் கடலை கொடுத்துவிட்டு, கீழே இறங்காமல் திரும்பியிருப்போம். கீழேதான் பொருள் இருக்கிறது.

அவ்விடத்தின் அமைப்பை அறிந்துகொண்டு சென்றால்தான் பயன். நீளமான ஒரு மண்கரை. கரைக்கு அப்பால் கண்டல் காடு. நம் பேச்சு வழக்கில் பாக்காவ் காடு. அதற்கு அப்பால் சேறு, பின்பு கடல். கரைக்கு இப்பால் சிறு காடும், பறவைகளுக்கென்றே வெட்டி உண்டாக்கிய உவர்நீர் ஏரியும். பார்க்கக் கோபுரங்களும் மறைவிடங்களும் அமைத்திருக்கிறார்கள். கடல் வற்றும்போது கரையோரச் சேறு கண்ணுக்கு எட்டிய தொலைவுக்கு விரிந்து கிடக்கும். அச்சேற்றில் புழு, நத்தை, சிறு நண்டு, சிப்பி எல்லாம் உண்டு. சந்தையில் நாம் கெராங் என்று கேட்டு வாங்கும் சிப்பி வளர்வதும் இந்தக் கரையோரச் சேற்றில்தான். கடல் வற்றிய நேரத்தில் பறவைகள் அங்கே பரவி நின்று மேயும். கரையிலிருந்து பார்த்தால் வெறும் புள்ளிகளாகத் தெரியும். கடல் ஏற ஏறச் சேறு மூழ்கும். பறவைகளுக்கு நிற்க இடமில்லாமற் போகும். அப்போது அவை கூட்டங்கூட்டமாக எழுந்து, கரைக்கு இப்பால் ஆழமற்ற நீர் இருக்கும் இடம் தேடி வரும். ஆகவே பறவை பார்க்கச் செல்கிறவன் முதலில் பார்க்க வேண்டியது கடல் ஏறும் நேரத்தை. பேருந்து நிறுவனத்தின் வசதியைப் பார்த்து நேரம் குறித்தால் வெறுஞ்சேற்றைப் பார்த்துவிட்டு வரலாம்.

இடையில் ஒரு செய்தி. இப்படி ஒதுங்குவதற்குக் கண்டலும் சேறும் சூழ்ந்த இயற்கையான இடங்கள் நம் கடற்கரையில் சுருங்கிக்கொண்டே வந்திருக்கின்றன. அதனால் காப்பார் அனல்மின் நிலையத்தில் நிலக்கரிச் சாம்பலைக் கொட்டும் குளங்களில் ஆயிரக்கணக்கான கரைப்பறவைகள் வந்து ஒதுங்கியதை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். உலகில் மிக அரிதாகிவிட்ட பறவையினங்களும் அவற்றில் அடக்கம். சாம்பற்குளத்தில்! வாழ இடமில்லாதவன் கிடைத்த இடத்தில் ஒதுங்குவான் என்பதைத் தோட்டம் துண்டாடப்பட்டபோது வெளியேறிய நம் மக்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நாங்கள் சென்றது ஒரு பிப்ரவரிச் சனிக்கிழமை. மாணவர் 24 பேர், பெற்றோர் 8 பேர், ஒரு பாட்டி. மாலை ஐந்தரை அளவில் கடல் முழுதாய் ஏறும் என்று அட்டவணை சொன்னது. மூன்று மணிக்கெல்லாம் உள்ளே நுழைந்துவிட்டோம். முதல் ஒரு மணி நேரம் அழகாக இருந்தது என்று எழுத மாட்டேன். வெயில், கொசு, பிள்ளைகளின் கூச்சல். தந்தை ஒருவர் கைப்பேசியில் பேசிக்கொண்டே நடந்தார். எந்தப் பறவை அருகில் நிற்கும்?

சக ஆசிரியர் ஒருவர் பயிற்சித்தாள் அணியம் செய்து தருவதாக முன்பே கூறியிருந்தார். பறவையின் பெயர், நிறம், உணவு, அலகின் வகை எனக் கட்டங்கள் போட்ட தாள். நான் வேண்டா என்றேன். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. தாளைக் கையில் கொடுத்தால் பிள்ளை தாளைத்தான் பார்க்கும். பக்கத்துப் பிள்ளை என்ன எழுதியது என்று அடுத்துப் பார்க்கும். வானத்தைப் பார்க்காது. அறிக்கையில் ஒட்டுவதற்குச் சான்று வேண்டும் என்பது பள்ளியின் தேவை. அதனை மறுநாள் வகுப்பறையில் எழுதிக்கொள்ளலாம். ஆகவே நான்கு பேருக்கு ஓர் இருகண் நோக்கியும் ஆளுக்கொரு சிறு குறிப்பேடும் மட்டும் கொடுத்தோம். விரும்பினால் எழுதலாம், வரையலாம், சும்மாவும் இருக்கலாம்.

நான்கரை மணிக்கு மேல் பிள்ளைகள் தாமாகவே அடங்கினார்கள். களைப்பும் ஒரு காரணம். ஏரிக்கரையில் வெண்ணிறப் பறவைகள் சில நின்றன. "கொக்கு" என்றார்கள் எல்லாரும். எத்தனை வகை என்றேன். ஒரே வகைதான் என்றார்கள். சற்று நேரம் கழித்து ஒரு மாணவி, "சார், அந்தச் சின்னதுக்கு மட்டும் மஞ்சள் காலுறை போட்ட மாதிரி இருக்கு" என்றாள். கறுத்த அலகு, கறுத்த கால், விரல்கள் மட்டும் மஞ்சள். அதுதான் சின்னக் கொக்கு. பக்கத்தில் அதைவிட ஏறத்தாழ இரு மடங்கு உயரத்தில், கழுத்தை வளைத்து நின்றது பெரிய கொக்கு. கண்டல் வேரின் நிழலில் அசையாமல் குந்தியிருந்த சாம்பல் நிறச் சிறு பறவை தோசிக் கொக்கு. கொக்கு என்ற ஒரு சொல் அரை மணி நேரத்தில் மூன்றாயிற்று. 'விரல்' என்று எவரும் சொல்லித்தரவில்லை, அவளே பார்த்தாள்.

வகுப்பில் வழக்கமாகப் பின்தங்கும் மாணவன் ஒருவன் அன்று முன்னால் நின்றான். பண்டமாரானில் தன் தந்தையோடு தூண்டில் போடச் செல்பவன் அவன். "தண்ணி ஏறுனா சின்ன மீனெல்லாம் கரையோரமா வரும் சார். கொக்கு அங்கதான் வந்து நிக்கும்" என்று கைகாட்டினான். அங்கேதான் வந்து நின்றன. அறிவியல் பாடத்தில் உணவுச் சங்கிலிக்கு அம்புக்குறி போடத் தடுமாறுகிற பையன்!

கரையோரப் புதரிலிருந்து வெண்மார்பும் கறுத்த முதுகுமாய் ஒரு பறவை வாலை ஆட்டி ஆட்டி நடந்து வந்தது. "ருவாக்-ருவாக்!" என்றார்கள் இருவர். மலாய்ப் பெயர், அதன் குரலே அதற்குப் பெயரானது. பாட்டி கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "கானாங்கோழி இல்லே அது? எங்க எஸ்டேட்டு கான் ஓரமா முட்டை வைக்குமே" என்றார். பிள்ளைகள் பாட்டியைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். அதுவரை அவர் சோற்றுப்பொட்டலத்திற்குக் காவலாக வந்தவர். அதன்பின் ஒவ்வொரு பறவைக்கும் அவரிடம் ஓடினார்கள். கண்டலுக்கு மேலே செம்பழுப்புச் சிறகும் வெண்தலையுமாய் ஒரு பருந்து வட்டமிட்டது. பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பாட்டி, அது சாமியா, பறவையா?" "ரெண்டுந்தான்டா. பேசாம பாரு." செம்பருந்து என்று நூலில் இருக்கும், கருடன் என்று பாட்டியிடம் இருக்கும். இரண்டையும் குறிப்பேட்டில் எழுதச் சொன்னேன்.

ஐந்து மணிக்குச் சற்று மேல், கடல் பக்கமிருந்து ஒரு கூட்டம் வந்தது. கண்டலுக்கு மேலே எழுந்து, ஒரே உடலைப்போல் திரும்பி, வெயிலில் ஒரு கணம் வெள்ளையாகவும் மறுகணம் சாம்பலாகவும் மின்னி, ஏரியின் ஆழமற்ற பகுதியில் இறங்கியது. பவளக்காலி. காலைப் பார்த்தாலே பெயர் விளங்கும். ஆரஞ்சும் சிவப்பும் கலந்த நிறம். அவற்றுக்கு நடுவே, கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகோடு சில சின்னக் கோட்டான்கள். நேரான அலகு மேற்சேற்றிலுள்ள இரையைக் குத்தி எடுக்கும்; வளைந்த நீண்ட அலகு நண்டின் வளைக்குள் நுழையும். ஒரே சேற்றில் ஒரே நேரத்தில் பல இனங்கள் சண்டையின்றி மேய்வது எப்படி என்பதற்கு அந்த அலகுகளே விடை. இதனை வகுப்பறையில் விளக்க எனக்கு இரண்டு பாடவேளை தேவைப்படும். அங்கே ஒரு நிமிடம்.

"எங்கேருந்து சார் வருது?" என்று கேட்டார்கள். சைபீரியா, மங்கோலியா, வடசீனம் என்றேன். நம்பவில்லை. ஒரு செய்தியைச் சொன்னேன். 2022-ஆம் ஆண்டு அக்டோபரில், பட்டைவால் மூக்கன் என்னும் கரைப்பறவை ஒன்று அலாசுகாவிலிருந்து புறப்பட்டு, எங்கும் இறங்காமல், 11 நாளில் ஏறத்தாழ 13,560 கிலோமீட்டர் பறந்து ஆசுதிரேலியாவின் தாசுமேனியாவை அடைந்தது. அதன் உடலில் பொருத்திய கருவி வழியே அறிந்தது இது. அப்போது அதற்கு வயது ஐந்து மாதம். "என் தம்பிக்கே எட்டு மாசம்" என்றாள் ஒருத்தி. அதே இனத்துப் பறவைகள் நம் சிலாங்கூர்க் கடற்கரைக்கும் வருகின்றன. செப்டம்பர் தொடங்கி ஏப்ரல் வரை அவை நம் விருந்தாளிகள். ஐந்து கோடிக்கும் மேற்பட்ட நீர்ப்பறவைகள் பயன்படுத்துவதாகக் கணக்கிடப்படும் இந்த வான்வழியில், கிள்ளான் கரையும் ஒரு நிறுத்தம்.

இனி நான் முதன்மையானது என்று கூறிய பகுதிக்கு வருகிறேன்.

நம் பிள்ளைகளுக்குப் பறவைகளின் பெயர் அறவே தெரியாது என்பதில்லை. ஆங்கிலத்தில் சில தெரியும், மலாயில் சில தெரியும். தேசிய மொழிப் பாடத்தில் ஒரு பழமொழி படிக்கிறார்கள்: காரணம் ஒன்றும் இல்லாவிட்டால் 'தெம்புவா' தாழ்வாகக் கூடு கட்டுமா என்பது அதன் பொருள். எல்லாப் பிள்ளையும் மனப்பாடமாகச் சொல்லும். அந்தத் தெம்புவாதான் நம் தூக்கணாங்குருவி என்று எத்தனை பேருக்குத் தெரியும்? மழையில் நனைந்த குரங்குக்கு அறிவுரை கூறிக் கூட்டை இழந்த தூக்கணாங்குருவியின் கதையைத் தமிழ் வகுப்பில் படிக்கும் அதே பிள்ளைக்கு, இரண்டும் ஒரே பறவை என்று எவரும் சொல்லவில்லை. ஒரு காதில் மலாய்ப் பறவை, மறு காதில் தமிழ்ப் பறவை. கண்ணில் எந்தப் பறவையும் இல்லை.

சத்திமுத்தப் புலவர் நாரையைத் தூதுவிட்ட பாட்டு தமிழ் படித்தவர் பலரும் அறிந்தது. பனங்கிழங்கைப் பிளந்தாற்போன்ற அலகு என்று அவர் கண்டு சொன்னதையும், நாரைகள் தென்திசை சென்று வடதிசை மீளும் என்று அவர் அறிந்திருந்ததையும் வகுப்பில் உவமை நயம் என்று கூறிக் கடந்துவிடுகிறோம். அது நயம் மட்டுமா? வலசை போகும் பறவையைக் கண்ணால் கண்டவர் எழுதிய குறிப்பும் அல்லவா! பனங்கிழங்கையும் காணாத, நாரையையும் காணாத பிள்ளைக்கு அவ்வுவமையில் என்ன எஞ்சும்? ஆசிரியர் எழுதிப்போட்ட பொருள் மட்டும் எஞ்சும்.

சொல் இருந்து பொருள் கண்ணுக்கு முன் இல்லாவிட்டால் அச்சொல் மெல்ல மெல்லத் தேர்வுத்தாளுக்கு மட்டும் உரியதாகிவிடுகிறது. 2003-இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்திற்கு மாற்றப்பட்டன. அக்கொள்கை படிப்படியாகக் கைவிடப்பட்டு அவை தமிழுக்குத் திரும்பின. 2016 முதல் இருமொழித் திட்டம் என்ற பெயரில் சில பள்ளிகளில் மீண்டும் ஆங்கிலம் நுழைந்தது. இதன் நன்மை தீமைகளை இங்கே பேசப் போவதில்லை, பேசியவர்கள் ஏராளம். ஆனால் இந்தப் போராட்டங்களில் எல்லாம் நாம் காத்து நின்றது கலைச்சொற்களை. ஒளிச்சேர்க்கைக்கும் ஈர்ப்பாற்றலுக்கும் குரல் கொடுத்தோம். கானாங்கோழிக்கும் செம்போத்துக்கும் குரல் கொடுக்க ஆளில்லை. அவை எவர் தடையும் இல்லாமலே போய்க்கொண்டிருக்கின்றன. தோட்டத்தில் வாழ்ந்த தலைமுறையோடு அவை போகின்றன. பால்மரக் காட்டில் செம்போத்தின் குரலைக் கேட்டு நேரம் கணித்தவர்கள் இன்று எழுபதைக் கடந்தவர்கள். புறநகர் அடுக்குமாடியில் பேரப்பிள்ளைகளின் தொலைக்காட்சிக்கு முன் உட்கார்ந்திருப்பவர்கள்.

இங்கே என் போன்ற தமிழ்ப் பற்றாளர்களிடமும் ஒரு குறை உண்டு. ஒரு பறவைக்குத் தமிழ்ப் பெயர் கேட்டால் உடனே ஆங்கிலப் பெயரை மொழிபெயர்த்து ஒரு புதுச்சொல் படைக்கத் தோன்றுகிறது. முதலில் பாட்டியைக் கேட்க வேண்டும். கிழக்கு வெளுக்கும் வேளையிலும் பொழுது சாயும் வேளையிலும் குரல் கொடுப்பதால் தமிழ்நாட்டில் ஒரு பறவைக்கு ஆறுமணிக்குருவி என்று பெயர். எந்தக் கலைச்சொல் குழுவும் கூடி வைத்த பெயரா அது? நம் கண்டல் காட்டிலும் அந்தக் குடும்பத்துப் பறவை ஒன்று வாழ்கிறது. மலாய்க்காரர்கள் மீன்கொத்தியை 'ராஜா ஊடாங்', அதாவது இறால் அரசன் என்கிறார்கள். நாம் அது செய்யும் தொழிலைப் பார்த்தோம். அவர்கள் அதன் கோலத்தைப் பார்த்து அரசன் என்றார்கள் போலும். பிள்ளைகள் இரண்டையும் அறியட்டும். மூன்றாவதாக ஆங்கிலப் பெயரும் வரட்டும். ஆனால் தாய்மொழிப் பெயர் வரிசையில் கடைசியாக வரக்கூடாது. அதனைச் சொல்லித்தர வேறு எந்தப் பள்ளியும் இந்நாட்டில் இல்லை.

பறவையோடு நமக்கு உள்ள உறவு வேற்றாரிடம் கற்ற நாகரிகம் அன்று. வேடந்தாங்கல் மக்கள், தங்கள் ஏரியில் பறவைகளைச் சுட்ட வெள்ளைக்காரப் படையினர்மீது முறையிட்டு, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் செங்கற்பட்டு ஆட்சியராய் இருந்த லயனல் பிளேசிடம் தடையாணை பெற்றவர்கள். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் தங்கள் வயலுக்கு உரம் என்று அறிந்திருந்தார்கள். சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகள் அஞ்சும் என்பதற்காகத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. நெல்லைச் சீமைக் கூந்தன்குளத்தில் வீட்டு மரத்தில் கூடு கட்டும் சங்குவளை நாரையை ஊர்ப்பிள்ளையாய்ப் பார்க்கிறார்கள். அதே சங்குவளை நாரையைக் காணக் கூந்தன்குளம்வரை போக வேண்டியதில்லை. ஜூ நெகாராவில் கூண்டின்றி விடப்பட்டுப் பெருகிய நாரைகள் கிள்ளான் பள்ளத்தாக்கின் ஏரிகளில் வந்து நிற்கின்றன. இளஞ்சிவப்பு இறகு தெரிந்தால் அதுதான். வண்டியை ஓரமாக நிறுத்திப் பிள்ளைக்குக் காட்டுங்கள்.

பெற்றோர்களின் தயக்கங்களை நான் அறிவேன். கல்விச் சுற்றுலா என்றால் கேளிக்கைப் பூங்கா, நீர்ச்சறுக்கு, பேரங்காடி என்று வழக்கமாகிவிட்டது. ஆளுக்கு நூறு வெள்ளிக்கு மேல் கொடுத்து அங்கே அனுப்பும் பெற்றோர், சதுப்புக் காட்டுக்கு என்றதும் "சேத்துல என்ன சார் இருக்கு?" என்று கேட்கிறார்கள். நம் பூட்டன்மார்கள் இந்தக் கிள்ளான் கரையோரச் சதுப்பில் முழங்காலளவு நின்று, வடிகால் வெட்டித் தோட்டம் ஆக்கியவர்கள். சேறு என்றால் துன்பம் என்ற எண்ணம் நம் குருதியில் ஊறியிருந்தால் வியப்பில்லை. பிள்ளை அந்தச் சேற்றிலிருந்து வெளியேற வேண்டும் என்றுதானே படிக்க வைத்தோம்? அந்த உணர்வை நான் மதிக்கிறேன். ஆனால் வெளியேறியவன் திரும்பி நின்று பார்ப்பதற்கும் படிப்பு வேண்டும்.

தேர்வுக்கு வருமா என்ற கேள்விக்கு இனி இடமில்லை. ஆறாம் ஆண்டு யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டுவிட்டது. தேர்வு போனபின்னும் பயிற்றிகளை வாங்கிக் குவிக்கும் பழக்கம் மட்டும் ஏனோ போகவில்லை.

செல்ல விரும்பும் பள்ளிகளுக்குச் சில சொற்கள். அக்டோபர் முதல் மார்ச்சு வரை ஏதேனும் ஒரு நாள். கடல் ஏறி முடியும் நேரத்திற்கு இரண்டு மணி முன்னதாக அங்கே இருங்கள். அலை அட்டவணை இணையத்தில் கிடைக்கும். பாதைகள் சில வேளை பழுதாகி மூடப்பட்டிருக்கும் என்பதால் நிருவாகத்திடம் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். முழுக்கைச் சட்டை, மூடிய காலணி, கொசுத்தைலம், நிறையக் குடிநீர். சிவப்பும் பளிச்சிடும் மஞ்சளும் வேண்டா. பள்ளிச் சீருடைச் சட்டை மஞ்சளாக இருந்தால் தலைமையாசிரியரிடம் அன்றைக்கு மட்டும் விலக்குக் கேளுங்கள். இருபத்தைந்து பிள்ளைகளுக்குமேல் ஒரே நேரத்தில் வேண்டா. அவ்வளவு தொலைவு இயலாத பள்ளிகளுக்குப் பழைய ஈயக்குட்டை, தோட்டத்து வாய்க்கால், பள்ளித் திடலின் ஓரம் எதுவும் போதும். தெங்கில் பகுதியிலுள்ள பாயா இண்டா ஈரநிலமும் முன்னாள் ஈயச் சுரங்கக் குட்டைகளால் ஆனதே.

தவறாமல் ஒரு பாட்டியையோ தாத்தாவையோ அழைத்துச் செல்லுங்கள். தோட்டத்தில் வாழ்ந்தவராக இருத்தல் நலம். அவருக்கு நுழைவுக் கட்டணத்தைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் செலுத்தட்டும்.

பொழுது சாய்ந்தபோது ஏரிக்கரை மரங்களிலிருந்து வக்காக்கள் ஒவ்வொன்றாய்க் 'குவாக்' என்று குரல் கொடுத்துக் கடல் பக்கம் புறப்பட்டன. மற்றக் கொக்குகள் அடையத் திரும்பும் நேரத்தில் இவை வேலைக்குப் போகின்றன. "எங்கப்பா மாதிரி, இரவு வேலை" என்றான் துறைமுகத் தொழிலாளி ஒருவரின் மகன். பேருந்தில் ஏறியதும் பாதிப் பிள்ளைகள் உறங்கிவிட்டார்கள்.

மறுவாரம் அதே பயிற்சியை மீண்டும் வைத்தேன்; கண்ட பறவைகளின் பெயர். குறைந்த அளவு பதினொன்று. தூண்டில் போடும் மாணவன் பத்தொன்பது எழுதியிருந்தான், எழுத்துப்பிழை ஆறு. கோட்டானுக்கு ஒற்றைக்கொம்பு போட்டிருந்தான். திருத்திக் கொடுத்தேன். அடுத்த அக்டோபரில் பிற்பகலில் கடல் ஏறும் சனிக்கிழமை ஒன்றை நாட்காட்டியில் இப்போதே வட்டமிட்டு வைத்திருக்கிறேன். பாட்டியும் வருவதாகச் சொல்லிவிட்டார்.